அனிமே பாடல்களோடு ஏழு வருடம்

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில், எபிசோடு தொடங்கியதும் 'ஸ்கிப்' பொத்தானை அழுத்துகிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். தொடக்கப் பாடல் ஒன்றரை நிமிடம், முடிவுப் பாடல் ஒன்றரை நிமிடம், ஆக மூன்று நிமிடம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தை விடவைத்தது 1998இல் வந்த 'கவ்பாய் பீபாப்' என்ற தொடர்.

அதன் தொடக்க இசையான 'டேங்க்!' கிட்டத்தட்ட முழுக்க வாத்தியங்கள்தான். ஆரம்பத்தில் கொஞ்சம் பேச்சு வரும், பிறகு மசாடோ ஹோண்டாவின் சாக்ஸபோன் கிளம்பிவிடும். இசையமைத்தவர் யோகோ கன்னோ, வாசித்தது அவருடைய 'சீட்பெல்ட்ஸ்' குழு. முதல் வாரமே அடிமையாகிவிட்டேன். முடிவுப் பாடல்களின் அருமை தெரிய மட்டும் இரண்டாவது முறை பார்க்க வேண்டியிருந்தது. வழக்கமாக மாய் யமானே பாடும் 'தி ரியல் ஃபோக் ப்ளூஸ்' வரும். 13ஆம் எபிசோடில் அது வராது, 'ஸ்பேஸ் லயன்' ஒலிக்கும். கடைசியான 26ஆம் எபிசோடில் 'ப்ளூ'. நான் முதலில் பார்த்த செயலி, பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடும். அதனால் 13ஆம் எபிசோடின் துக்கம் எனக்குப் பாதிதான் கிடைத்திருந்தது. அமைப்புகளில் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள், முதல் வேலையாக.

நம் ஊர்க் காதுகளுக்கு ஒரு குழப்பம் வரும். தமிழ்ப் படம் என்றால் பாட்டும் பின்னணியும் பெரும்பாலும் ஒரே ஆள், "மியூசிக் யாரு?" என்று கேட்டால் ஒரே பெயர்தான் பதில். அனிமேயில் அப்படி இருக்க வேண்டியதில்லை. 1995இன் 'எவாஞ்சலியன்' தொடக்கப் பாடலுக்கு மெட்டு போட்டவர் ஹிதெதோஷி சாடோ, பாடியவர் யோகோ தகாஹாஷி, பின்னணி இசை ஷிரோ சாகிசு. இது புரியாமல் சாகிசுவின் மற்ற வேலைகளில் அந்தத் தொடக்கப் பாடலின் சாயலை நெடுநாள் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய பின்னணி இசை வேறொரு உலகம், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியது.

'சாமுராய் சாம்ப்ளூ' (2004) வழியாக நுஜாபெஸ் என்ற இசையமைப்பாளர் கிடைத்தார். செபா ஜுன் என்ற தன் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்ட பெயர் அது. மழை நாளில் ஜன்னலோரம் கேட்கத் தோதான ஹிப்-ஹாப். இன்னும் என்னென்ன செய்திருக்கிறார் என்று தேடப் போனபோதுதான், 2010இலேயே 36 வயதில் விபத்தில் போய்விட்டார் என்று தெரிந்தது. அன்று வேறு எதையும் கேட்கவில்லை.

இத்தனை வருடத்தில் அதிகம் திரும்பிப் போனது 'முஷிஷி'க்குத்தான் (2005). தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஆலி கெர் கிட்டாரோடு பாடும் ஆங்கிலப் பாடல். முடிவில், 26 எபிசோடுகளுக்கும் வெவ்வேறு இசை, தோஷியோ மசுதாவுடையது. மணியொலிகள், இடையிடையே மௌனம். ஹெட்போன் போட்டு, விளக்கணைத்துக் கேளுங்கள். இப்போது மூன்றாவது சுற்றில் இருக்கிறேன், இரவுக்கு ஒரு எபிசோடு. பெயர்கள் ஓடி முடிந்து திரை இருண்ட பிறகும் கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றுவதில்லை.