பாம்புத் தொட்டிக்குச் சூடு: அடியிலா, மேலேயா?

மகள் கார்ன் ஸ்நேக் என்ற பாம்பை வளர்க்கக் கேட்டு, நான் சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. பாம்பைப் பார்த்துப் பயமில்லை. வயரைப் பார்த்துத்தான் பயம். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, காய்ந்த மரச்சீவலுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கும் என்பது மனதை உறுத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கேட்டது இன்னும் எளிமை: "பாம்புக்கு ஹீட்டரோ? உனக்கென்ன விசரோ?" அவருடைய கோழிக்கூட்டுக்கு வரும் சாரை ஒருநாளும் ஹீட்டர் கேட்டதில்லைதான்.

ஆனால் நாங்கள் இருப்பது டொராண்டோ. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20 டிகிரி. கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊர் புளோரிடா, ஜோர்ஜியா பக்கம். அதற்குத் தொட்டியின் ஒரு முனையில் 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மறுமுனை 22 முதல் 24க்குள் இருக்க வேண்டும். பாம்பு தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது, தேவைப்படும்போது சூடான பக்கம் போகும், போதுமென்றால் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆகவே தொட்டி முழுவதையும் சூடாக்கினாலும் தப்பு, சூடே இல்லாவிட்டாலும் தப்பு. சூடு போதாவிட்டால் விழுங்கிய எலி செரிக்காமல் வெளியே வந்துவிடும்.

முதலில் வாங்கியது ஹீட் மேட். பெரும்பாலோர் அதில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் மலிவு. 16 வாட், மெல்லிய ஷீட். கண்ணாடித் தொட்டியின் அடியில், மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒட்டிவிட்டால் முடிந்தது. சூடு ஓர் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வேண்டுமா என்று கேட்டேன். "தேவையில்லை, இது தானாகவே ஓர் அளவில் நின்றுவிடும்" என்றார் கடைக்காரர். மகள் மேலே மூன்று அங்குலத்துக்கு ஆஸ்பென் சீவலைப் பரப்பினாள். சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் 22 காட்டியது. மேட் வேலையே செய்யவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

நாலாம் நாள் நண்பரிடமிருந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வந்து சீவலின் மேல் பிடித்தேன்: 26. கையால் சீவலைத் தள்ளிக் கண்ணாடியில் பிடித்தேன்: 47. கார்ன் ஸ்நேக் சீவலுக்குள் புகுந்து, அடித்தட்டில்தான் போய்ப் படுக்கும். நல்லவேளை, அது குளிர்ந்த பக்கத்தை விட்டு வந்திருக்கவில்லை. சுட்டால் நகர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். சில நேரம் நகராது. அடியிலிருந்து ஏறும் சூட்டில் அப்படியே படுத்திருந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோகும் பாம்புகள் நிறைய.

மேட்டின் குணமே இதுதான். சீவல் போர்வை மாதிரி சூட்டை அமுக்கி வைக்கும், மேலே ஒன்றும் தெரியாது. அதை ஒழுங்காக வைக்கத் தெர்மோஸ்டாட் கட்டாயம். அந்தப் பக்கம் சீவல் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தொட்டியின் கீழே ரப்பர் கால் வைத்துக் காற்றுப் போக இடம் விட வேண்டும். மரக்கூடாக இருந்தால் வெளியே ஒட்டிப் பயனில்லை, மரம் சூட்டைத் தடுத்துவிடும். இத்தனையும் செய்தாலும் மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. வீடே 23, 24 டிகிரியில் இருக்கிறவர்களுக்கு அது போதும். எங்களுக்குப் போதவில்லை.

மேலேயிருந்து சூடு தருபவற்றில் பழைய ஆள் செராமிக் ஹீட்டர். பல்பு மாதிரி இருக்கும், வெளிச்சம் வராது, அதனால் இரவிலும் ஓடலாம். காற்றை நன்றாகச் சூடாக்கும். கூடவே உலர்த்தியும் விடும். ஃபர்னஸ் ஓடும் ஜனவரியில் ஏற்கெனவே உதடு வெடிக்கிற வீட்டில், பாம்பு சட்டையைத் துண்டு துண்டாகத்தான் உரிக்கும். ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகும். மரக்கூட்டுக்குள் மாட்டினால் கம்பிக்கூண்டு போடாமல் விடக்கூடாது, பாம்பு போய்ச் சுற்றிக்கொள்ளும்.

ஹாலோஜன் வேறு ரகம். அதன் கதிர் வெயில் போல தோலைத் தாண்டி உள்ளே இறங்கும். செராமிக்கின் சூடு பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். பல்புக்குக் கீழே ஒரு தட்டையான ஸ்லேட் கல்லை வைத்தோம். பகலெல்லாம் சூடேறும் கல், விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கிறது. அந்திக்கு வெளியே வரும் பாம்பு நேரே அங்கேதான் போய்ப் படுக்கிறது. குறை என்றால், இரவில் எரியவிட முடியாது, பல்பை அணைக்காமல் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் இல்லாமல் நடக்காது.

டீப் ஹீட் ப்ரொஜெக்டர் இரண்டுக்கும் நடுவே: ஹாலோஜன் அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு உள்ளே இறங்கும், கண்ணில் படுகிற வெளிச்சம் கிட்டத்தட்ட இல்லை. விலைதான் கடிக்கும். ஆனால் ஒரே சாதனம், இரவும் பகலும். சூடு தரும் பேனல் பெரிய மரக்கூடுகளுக்கு அருமை. முதல் பாம்புக்கு அது ஆடம்பரம். ஹீட் ராக் என்று கரண்ட் கல் ஒன்று விற்கிறார்கள். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் பணத்தைத் தெர்மோஸ்டாட்டில் போடுங்கள் என்பேன். மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகையே போதும். செராமிக்குக்கு, கரண்டைச் சிறு சிறு துடிப்புகளாக விடும் பல்ஸ் வகை நல்லது. ஹாலோஜனை ஆன்-ஆஃப் வகையில் மாட்டினால் பல்பு பளிச் பளிச்சென்று அணைந்து எரியும், சீக்கிரம் போய்விடும். அப்புறம், சூட்டை அளந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் சென்சார் வயர். பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் போட்டுவிட்டால், தெர்மோஸ்டாட் "இன்னும் குளிர்கிறது" என்று நினைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து சென்சார் நனைந்தாலும் இதே கதை. நாங்கள் அதை அசையாமல் கட்டி, தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மகளின் வேலை. தொட்டிச் சுவரில் ஒட்டும் வட்ட டயல் தெர்மாமீட்டரை யாரும் நம்ப வேண்டாம்.

எங்கள் தொட்டியில் இப்போது பகலில் 12 மணி நேரம் 50 வாட் ஹாலோஜன், டிம்மிங் தெர்மோஸ்டாட்டோடு. இரவில் ஒன்றும் இல்லை. வீட்டின் 20 டிகிரி கார்ன் ஸ்நேக்குக்கு இரவில் தாங்கும். பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பாக இருந்தால் தாங்காது, ப்ரொஜெக்டருக்குப் போயிருப்பேன். மேட் அலமாரியில் கிடக்கிறது.

கரண்ட் போனால் இவை எல்லாமே ஒன்றுதான். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து டொராண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருண்டன, சில தெருக்களுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அப்படி ஒரு நாளுக்காக ஒரு தெர்மோகோல் பெட்டியும் வெந்நீர்ப் பையும் எடுத்து வைத்திருக்கிறோம். வயிறு காலியாக இருக்கும் பாம்பு இரண்டு மூன்று நாள் குளிரைச் சமாளிக்கும். வயிற்றில் எலி இருந்தால்தான் ஆபத்து. அதனால் உறைமழை எச்சரிக்கை வந்தால் ஃப்ரீசரிலிருந்து எலியை வெளியே எடுப்பதில்லை. ஃப்ரீசரில் இருக்கும் எலிப் பெட்டியின் மூடியில் மகள் அதை மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறாள், உறைந்த பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.