ஸ்கூட்டரோடு திணித்த சீட் கவர்: போட்டி ஆணையமா, நுகர்வோர் ஆணையமா?

2024இல் ஸ்கூட்டர் வாங்கியபோது, சீட் கவர், கிராஷ் கார்டு, கால்மிதி மூன்றையும் ஷோரூம்காரர் என் தலையில் கட்டினார். வேண்டாம் என்றேன். "அப்படியானால் டெலிவரிக்கு நாளாகும் சார்" என்றார். ரசீதில் 'கூடுதல் பொருட்கள் ரூ.3,850' என்று ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் படி ஏறுவது என்பதுதான் கேள்வி: சந்தையில் போட்டியைக் காக்கும் போட்டி ஆணையமா, வாங்குபவரின் புகாரைக் கேட்கும் நுகர்வோர் ஆணையமா?

முன்பு இந்தக் குழப்பம் இல்லை. ஏகபோகத்தைத் தடுக்க 1969இல் வந்த எம்.ஆர்.டி.பி. சட்டம், 1984 திருத்தத்தில் பொய் விளம்பரம் போன்ற முறையற்ற வணிகத்தையும் சேர்த்துக்கொண்டது. இழப்பீடும் அங்கேயே கேட்கலாம். 2009 செப்டம்பரில் அது நீக்கப்பட்டபோது சொத்துப் பிரித்த கதையாயிற்று. சந்தையின் போட்டியைக் கெடுப்பவை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு. முறையற்ற வணிகம் நுகர்வோர் சட்டத்துக்கு. 'இதை வாங்கினால்தான் அது' என்ற கட்டாயத்துக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் உறவு உண்டு.

புகார் கொடுக்கும் கட்டணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போட்டி ஆணையத்தில் தனிநபருக்கு 5,000 ரூபாய். நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் ஒன்றுமில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: பணம் யார் கைக்குப் போகிறது? போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசின் கஜானாவுக்குப் போகிறது. 2014இல், உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்த 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஒரு தனிநபர் கொடுத்த தகவலில் தொடங்கிய வழக்கு அது, பிரமிப்புதான். ஆனால் கூடுதல் விலை கொடுத்த கார்க்காரருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. இழப்பீட்டுக்குத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். போதாக்குறைக்கு, 'இதை வாங்கினால்தான் அது' போன்ற ஒப்பந்தங்கள் பற்றிய போட்டிச் சட்டப் பிரிவு கடைசி நுகர்வோருடன் செய்ததற்குப் பொருந்தாது என்று 2023 திருத்தம் சொல்லிவிட்டது. மிச்சம், சந்தையில் தங்களுக்குள்ள ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற வழிதான். எங்கள் ஊர் ஷோரூம் ஆதிக்க நிலையில் இருக்கிறது என்று நான் எப்படி நிரூபிப்பது?

நுகர்வோர் ஆணையம் சந்தையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ரசீதைக் கேட்டது, நான் வேண்டாம் என்று அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியைக் கேட்டது. வக்கீல் வைக்கவில்லை. மூன்று முறை வாய்தா, பதினொரு மாதம். 3,850 ரூபாயும், மன உளைச்சலுக்கு 5,000மும் வந்தன. சீட் கவர் அதற்குள் கிழிந்துவிட்டது.

போட்டி ஆணையத்தின் படியை நான் ஏறியதில்லை. உத்தரவுகளைப் படித்ததோடு சரி. அதனால் அங்கே நடைமுறை எவ்வளவு கடினம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு உதிரி பாகம் தர மறுக்கிறார்கள் என்றால் என் யோசனை உதவாது. வணிகத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் சட்டம் பொதுவாக நுகர்வோராக ஏற்பதில்லை. அவரிடம் போட்டி ஆணையம் என்றுதான் சொன்னேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.