பைண்டு வால்யூமா, உதிரி இதழா?

போன ஐப்பசியில கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டைக் காலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேனுங்க. திண்ணையில ரெண்டு குவியல். ஒண்ணு ‘எழுத்து’ங்கற இலக்கியச் சிற்றிதழ், பல இதழை ஒண்ணாச் சேத்துத் தைச்ச மூணு பைண்டு வால்யூம், முதுகுல தங்கக்கலர் எழுத்து போட்டு ஜம்முனு இருந்துச்சு. இன்னொண்ணு சணல்ல கட்டுன உதிரி, ‘வானம்பாடி’, ‘கசடதபற’, ‘நடை’ன்னு பழைய சிற்றிதழ் எல்லாம் கலந்து, தைக்காத 17 இதழ். கையில இருந்த காசுக்கு ஏதாவது ஒண்ணுதான். நான் உதிரியைத் தூக்குனதும் வாத்தியார் பையன், “ஏனுங்ண்ணா, கெட்டியா இருக்கறத உட்டுப்போட்டு கிழிஞ்சதப் போய் எடுக்கறீங்க?”ன்னு கேட்டாப்ல.

வால்யூம்ல வசதி இருக்குது, இல்லைங்கல. வரிசையா படிக்கலாம், ஒண்ணும் தொலையாது. ‘எழுத்து’ 1959ல ஆரம்பிச்சு 1970 வரைக்கும் 119 இதழ் வந்துச்சு, அத்தனையும் ஒண்ணொண்ணா பொறுக்கணும்னா ஆயுசு பத்தாது. வெறுமனே படிக்கறதுதான் நோக்கம்னா ஜெராக்ஸே போதும், இந்த அலசலே வேண்டாம்.

ஆனா சேர்த்து வெச்சுக் காப்பாத்தணும்னு எறங்குனா எல்லாத்தையும் முடிவு பண்றது பராமரிப்புதானுங்க. முன்னாடி கோயமுத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில ஒரு வால்யூம் வாங்கி வீட்டுக்கு வந்து பிரிச்சா நெஞ்சே ஒடஞ்சு போச்சு. பைண்டிங்காரர் அட்டைய எல்லாம் கிழிச்சு வீசியிருக்கார், விளம்பரப் பக்கம் இல்ல, மூணு பக்கமும் கட்டிங் மெஷின்ல உட்டு ஓரத்துல யாரோ பேனாவுல எழுதுன குறிப்புல பாதி போயிருச்சு. சிற்றிதழ்ல அட்டையோட உள்பக்கத்துலயும் கவிதை போடுவாங்க, காகிதம் வாங்கவே காசு இல்லாம நடத்துனவங்க எந்த எடத்தையும் சும்மா உடமாட்டாங்க. அட்டை போனா இதழோட ஒரு பகுதியே போச்சு, அதை எந்த மருந்து போட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்பறம் பசை. மைதாப்பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து காய்ச்சுனா பூச்சி அண்டாது, அதைக் கலக்காம ஒட்டியிருந்தா ராமபாணப் பூச்சிக்கு அதுவே சாப்பாடு, முதுகுல ஆரம்பிச்சு உள்ள போயிரும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. என் வால்யூம்ல அப்படித்தான் 40 பக்கம் சல்லடை ஆயிருச்சு.

உதிரியில வர்ற சீக்கு கண்ணுக்குத் தெரியும், நம்ம கையாலயே சரி பண்ணலாம். மொதல்ல, தாளைச் சேத்து அடிச்சிருக்கற கம்பிப் பின். துரு ஏறுன பின்னுதான் பேப்பரைத் தின்னும், அதை மெதுவா நிமித்தி எடுத்துட்டு அதே ஓட்டையில பருத்தி நூல் கோத்துக் கட்டிருவேன், திருப்பூர்ல நூலுக்கா பஞ்சம். மட்டமான பேப்பர்ல இருக்கற அமிலம் வெயில் பட்டா இன்னும் சீக்கிரமா மஞ்சளாக்கி நொறுக்கும், அதனால இருட்டா காத்தோட்டமான எடத்துல படுக்கப் போட்டு வைக்கணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கி மூடாதீங்க, மழைக்காலத்துல வேர்த்துப் பூஞ்சை புடிக்கும். பூச்சி வராம இருக்க வசம்பு ஒரு துணியில முடிஞ்சு பெட்டி மூலையில போடறேன், பேப்பர் மேல படாம. செலோடேப் மட்டும் நெம்பத் தப்பு, கறை போகவே போகாது.

இன்னொரு லாபம், ஒரே இதழ் ரெண்டு சேந்தா மாத்திக்கலாம். ‘நடை’ 1968ல சேலத்துல தொடங்கி மொத்தமே 8 இதழ்தான், அதுல ஒண்ணு எக்ஸ்ட்ரா இருந்தா கொடுத்து வேறொண்ணு வாங்கலாம், வால்யூமை ஒட்டுக்கா வித்தாத்தான் உண்டு. அன்னைக்கு வாத்தியார் வீட்டுல எடுத்த உதிரிக் கட்டை வீட்டுக்கு வந்து பிரிச்சேன், கோயமுத்தூர்ல 1971ல விலையில்லாக் கவிமடலா கெளம்புன ‘வானம்பாடி’ ஒண்ணுல தபால் முத்திரையும் வாத்தியார் பேரும் அப்படியே இருந்துச்சு, கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

பெரியார் நடத்துன ‘குடியரசு’ மாதிரி பழைய வார ஏடுகளை நான் வெச்சுப் பராமரிச்சதில்லைங்க. அவ்வளவு பெரிய தாளை உதிரியா மடிச்சு வெச்சா மடிப்புலயே விட்டுப்போகுமோன்னு பயம் இருக்குது, அதுக்கு ஒருவேளை பைண்டிங்கே நல்லதோ என்னமோ. ஏற்கனவே பைண்டு ஆனது உங்ககிட்ட இருந்தா இதைப் படிச்சுட்டுப் பிரிக்காதீங்க, தையலை அறுக்கும்போதுதான் மிச்சமும் கிழியும்.