அடோபி ஃபயர்ஃபிளை: கருவி நன்று, சம்மதம் கேட்கப்பட்டதா?

நூல் அட்டை வடிவமைப்பவர்களுக்கு, ஃபோட்டோஷாப்பிலேயே கிடைக்கும் அடோபி ஃபயர்ஃபிளை என்னும், படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு உண்மையில் பயனுள்ள கருவிதான். நெட்டுவாக்கில் எடுத்த படத்தின் இருபுறமும் வானத்தையும் வரப்பையும் நீட்டித் தரும்போது, நிழல் விழும் திசைகூடப் பெரும்பாலும் பிசகுவதில்லை.

2023 மார்ச்சில் அறிமுகமானபோது, கலைஞர்கள் தம் படங்களை விற்கும் அடோபி ஸ்டாக் தளத்தின் தொகுப்பு, திறந்த உரிமப் படங்கள், காப்புரிமை முடிந்தவை ஆகியவற்றைக் கொண்டே பயிற்றுவித்ததாக நிறுவனம் அறிவித்தது. இணையத்தில் கண்டதையெல்லாம் வாரிச் சுருட்டிய பிற கருவிகளிலிருந்து அதுவே இதனை வேறுபடுத்தியது. ஆயினும், ஸ்டாக்கில் படம் விற்க வந்த கலைஞர்கள் ஏற்ற விதிமுறைகளிலேயே இப்பயிற்சியும் அடங்கும் என்று நிறுவனம் கொண்டதே தவிர, விலகிக்கொள்ளும் வாய்ப்பை அவர்களுக்கு அளிக்கவில்லை. பின்னர் ஊக்கத்தொகை வழங்கியது உண்மைதான் என்றாலும், கேட்காமல் எடுத்ததற்கு அது ஈடாகாது என்பதே என் கருத்து. போதாக்குறைக்கு, பயிற்சிப் படங்களில் சுமார் 5 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு உருவாக்கியவை, அவற்றுள் மிட்ஜர்னி என்னும் போட்டிக் கருவியின் படங்களும் உண்டு என்று 2024 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது.

படம் உருவான விதத்தைக் கோப்பிலேயே பதிந்துவைக்கும் வசதி பாராட்டத்தக்கது. பின்னணியை நீட்டும் வேலைக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அட்டை ஓவியத்தையே முழுதாக இதனிடம் ஒப்படைக்கும் பதிப்பகத்தார், அதை உள்பக்கத்தில் அச்சிட்டுச் சொல்ல வேண்டும்.