பழைய டீசல் வேனுக்கு டைமிங் பெல்ட்: வீட்டு வாசலா, ஃபோர்மனா, வொர்க்ஷாப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பழைய டீசல் வேனுக்கு ஓய்வே கிடையாது. காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் செம்பனைக் காட்டுக்கு ஆள், சாயங்காலம் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு மேசையும் கூடாரமும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, மானிய அட்டை இல்லாத வேன்காரர்கள் மற்றச் செலவுகளைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். தள்ளிப்போட வசதியான செலவு டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனும் வால்வும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. வெளியில் தெரியாது, சத்தம் போடாது. புஸ்பகோம் வாகனச் சோதனையில்கூட அதன் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவானால் வழி மூன்று. வீட்டு வாசலில் நாமே கழற்றலாம், ஃபோர்மன் என்று நாம் சொல்லும் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்கலாம், வொர்க்ஷாப்பில் விடலாம். பலரும் கூலியை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வேனில் இருக்கும் எஞ்சினை.

நிசான் அர்வானில் டிடி27 எஞ்சின் இருந்தால் இந்தப் பேச்சே உங்களுக்கு இல்லை. அதில் பெல்ட் கிடையாது, பற்சக்கரம்தான். டொயோட்டா ஹையேஸில் வரும் 2எல், 3எல், 5எல் மூன்றும் பெல்ட் எஞ்சின்கள். ஒரே பெல்ட், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் டீசல் பம்பையும் சேர்த்துச் சுற்றும். அமைப்பு எளிது. மிட்சுபிஷி எல்300-இல் வரும் 4டி56 வேறு ரகம். அதில் பெரிய பெல்ட்டுக்குப் பின்னால் இன்னொரு சின்ன பெல்ட் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் அதிராமல் இருக்க வைத்த பேலன்ஸ் ஷாஃப்டைச் சுற்றுவது அதன் வேலை. அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, இரண்டும் சேர்ந்து போன கதை இந்த எஞ்சினில் பழைய கதை. அதனால் 4டி56-க்கு “பெரியதை மட்டும் மாற்றுவோம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு முடியாது. இந்தப் பழைய டீசல்களில் அழுத்த விகிதம் 22-க்கு 1-ஐ ஒட்டி இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகவும் குறைவு. கேம்ஷாஃப்ட் நின்று, பிஸ்டன் மட்டும் ஓடினால் வால்வில் போய் மோதும். வால்வு வளையும், வால்வை அழுத்தும் ராக்கர் உள்ள எஞ்சினில் அதுவும் உடையும், சில நேரம் பிஸ்டனும் போகும். சில நூறு வெள்ளியில் முடிய வேண்டியது ஹெட் இறக்கும் வேலையாக ஆயிரங்களில் போய் நிற்கும், இழுவை லாரிக் காசு தனி.

சரி, வீட்டில் செய்வதைப் பார்ப்போம். ஹையேஸிலும் எல்300-லும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் மேல்பக்கம் தெரியும், ஆனால் பெல்ட் இருக்கும் முன்பக்கத்துக்குக் கை நுழைய ரேடியேட்டர், ஃபேன், அதன் கூடு எல்லாம் வழிவிட வேண்டும். இடமும் முக்கியம். சிமெண்டுத் தரை உள்ள கார் நிறுத்தும் கொட்டகை வேண்டும். லயன் வீட்டு வாசல் செம்மண்ணில் மத்தியான மழைக்குப் பிறகு ஜேக் வைத்தால் அது மண்ணுக்குள் இறங்கும். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வீட்டில் வேலை மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கிராங்க் புல்லி போல்ட், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட். வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கும் அதைச் சாதாரண ஸ்பேனர் அசைக்காது. நீளமான பிடியும், எஞ்சின் சுற்றாமல் நிறுத்தும் கருவியும், புல்லியை இழுக்கும் புல்லரும் வேண்டும். ஸ்பேனரைச் சட்டத்தில் சாய்த்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் வித்தை ஒன்று உண்டு. டீசலில் எஞ்சின் பற்றிக்கொண்டால் அந்த ஸ்பேனர் யார் மேல் பறக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வித்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே கிராங்க், கேம், டீசல் பம்ப் மூன்றின் குறிகளையும் நேராக நிறுத்தி, பெயின்டால் அடையாளம் வைக்க வேண்டும். பெல்ட் நழுவியதும் பம்ப் புல்லி தானாகத் துள்ளிக் குறியை விட்டுப் போகக்கூடும். உள்ளே ஸ்பிரிங் அழுத்துவதால் வரும் துள்ளல் அது, பயப்பட வேண்டாம், திரும்பக் குறிக்குக் கொண்டுவரலாம். புது பெல்ட் போட்டு, பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரை மேனுவல் சொல்லும் முறைப்படி இறுக்கிய பிறகு எஞ்சினைக் கையால், அது ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒருமுறை சுற்றும். மூன்று குறிகளும் மறுபடி சேர்ந்தால் சரி. டீசலின் அழுத்தம் கையை எதிர்க்கும், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இலகுவாகும். நடுவில் இரும்பில் இரும்பு இடிப்பதுபோல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள், குறி தவறியிருக்கிறது. பம்ப் ஒரு பல் தவறினால் ஸ்டார்ட் ஆகச் சிரமம், புகை, தட்டும் சத்தம். கேம் தவறினால் வால்வுக்கே ஆபத்து.

இவ்வளவையும் பொறுமையாகச் செய்யத் தெரிந்தவருக்கு ஹையேஸ் வீட்டு வேலைதான், சந்தேகமே இல்லை. 4டி56-ஐ வீட்டில் முதல் வேலையாக எடுக்க வேண்டாம். சின்ன பெல்ட்டுக்கு முன்னால் இருக்கும் கிராங்க் பல்சக்கரமும் கழன்று வர வேண்டும், பேலன்ஸ் ஷாஃப்டுக்கும் தனிக் குறி இருக்கிறது.

இரண்டாவது வழி, ஃபோர்மனை வீட்டுக்கு அழைப்பது. பெரிய தோட்டங்களின் வொர்க்ஷாப்பில் டிராக்டரும் லாரியும் பார்க்கும் ஆட்கள் சாயங்காலம் வெளிவேலைக்கு வருவது புதிதல்ல. டீசல் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூலி குறைவு, வேலை நம் கண்முன். குறையும் உண்டு. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் குறி பார்க்கும் வேலை இது. அவசரத்தில், “அண்ணே, பேரிங் இன்னும் நல்லாத்தான் சுத்துது, பெல்ட் மட்டும் போதும்” என்பார்கள். 4டி56 என்றால், “சின்ன பெல்ட்டை எடுத்துட்டே ஓட்டலாம்” என்றும் சொல்வார்கள். ஓடும், ஆனால் அதிர்வு கூடும். பிள்ளைகளை ஏற்றும் வேனில் நான் அதைச் செய்ய விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வரச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

வொர்க்ஷாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூலி கூட, ஆனால் லிஃப்ட், இம்பாக்ட் கன், புல்லர் எல்லாம் தயார். போல்ட் உடைந்தால் அது அவர்கள் தலைவலி. பில்லும் கையில் இருக்கும். என்ன பெல்ட் போட்டார்கள் என்பது மட்டும் நமக்குத் தெரியாது, கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

எந்த வழியானாலும் சாமானை நீங்களே வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. ஈப்போவில் உதிரிபாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் எண்ணைக் காட்டி பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல் எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள். பெல்ட் மட்டும் வாங்கினால் கொஞ்சம் மிச்சம், ஆனால் பழைய பேரிங் இறுகிப்போனாலோ, சீல் கசிந்து எண்ணெய் ரப்பரில் பட்டாலோ புது பெல்ட்டும் போகும், அதே கூலி மறுபடி. வாட்டர் பம்ப் இந்த இரண்டு எஞ்சினிலும் வெளி ஃபேன் பெல்ட்டில் சுற்றுவது. கசிவோ ஆட்டமோ இல்லாவிட்டால் தொடத் தேவையில்லை.

ஆக, ஹையேஸும் சிமெண்டுத் தரையும் கருவிகளும் பொறுமையும் இருப்பவர் வீட்டிலேயே செய்யலாம். எல்300-க்கு, பகலில் வரும் நல்ல ஃபோர்மன், இரண்டு பெல்ட்டும் சேர்த்து. பள்ளி வேனுக்குக் கூலி கூடினாலும் வொர்க்ஷாப், அதுவும் விடுமுறையில். ஒரு நாள் வேன் நின்றாலும் பிள்ளைகள் வீட்டில் யாராவது வேலையைவிட்டு அலைய வேண்டும், மாதக் கட்டணம் கொடுப்பவர்களிடம் பேச்சு வாங்குவதும் நீங்கள்தான்.

இன்னொன்று. ஹையேஸின் மீட்டர் பலகையில் டைமிங் பெல்ட்டுக்கென்று ஒரு விளக்கு இருக்கிறது. 1,00,000 கிலோமீட்டரில் எரியும்படி வைத்தது. வேலை முடிந்ததும் அதை மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வைக்க வேண்டும், சில மாடல்களில் பலகைக்குப் பின்னால் ஒரு திருகை இடம் மாற்ற வேண்டியிருக்கும். கை மாறி வந்த வேனில் இந்த விளக்கை நம்பாதீர்கள். பெல்ட் மாற்றாமலேயே விளக்கை மட்டும் அணைத்திருக்கலாம், மீட்டரே வேறு வண்டியுடையதாக இருக்கலாம். பழைய பில் கையில் இல்லையென்றால், பெல்ட்டுக்குத் தவணை வந்துவிட்டது என்றே கணக்கு.