ரோட்டிலும் இட்டேரியிலும் ஒரே சைக்கிள்: முழு மட்கார்டு மாட்டி ஓட்டிய அனுபவம்

என் சைக்கிளுக்கு இரண்டு வேலை. வார நாட்களில் கோவையில் வடவள்ளியிலிருந்து காந்திபுரம் வரை அலுவலகப் பயணம். ஞாயிறானால் தொண்டாமுத்தூர், நரசிபுரம் பக்கம் தோப்புகளுக்கு நடுவே போகும் இட்டேரிகள் (வேலிகளுக்கு இடையிலான குறுகிய மண்பாதைகள்), வாய்க்கால் கரைகள். 700சி அளவுச் சக்கரம், 40 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை). முன்னும் பின்னும் முழு நீள மட்கார்டு மாட்டிச் சில மழைக்காலங்கள் ஓட்டியாகிவிட்டது. இப்படி இரண்டு வகைப் பாதையிலும் ஓட்டுகிறவர் முதலில் பார்க்கவேண்டியது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்பதைத்தான். பிராண்டு, விலை, கலர் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் காலத்து ஹெர்குலிஸ், அட்லஸ் சைக்கிள்கள் தகர மட்கார்டோடுதான் கடையைவிட்டு வெளியே வரும். இப்போது ரோட்டுக்கும் மண்பாதைக்கும் சேர்த்து ஹைபிரிட், கிராவல் என்று விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. மாட்டுவதற்கான போல்ட் துளைகள் மட்டும் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இருக்கும். சிலவற்றில் அதுவும் கிடையாது. வாங்கும்போதே குனிந்து பார்த்துவிடுவது நல்லது. துளை இல்லாத ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு மாட்டலாம்தான். ரோட்டுக்கு அது தாங்கும், கல்லுப் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருக்கும்.

சட்டையும் பையும் நனையாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த பயன். எனக்குப் பெரிதாகத் தெரிவது செயினும், பெடல் அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட்டும்தான். மழையில் முன்சக்கரம் வாரி இறைக்கும் மண்ணும் தண்ணீரும் நேராக ஷூ மேலும் பெடல் அச்சு மேலும் செயின் மேலும்தான் வந்து விழுகிறது. செம்மண் சேறு காய்ந்தால் உள்ளே இருக்கும் மணல் செயினை அரம் மாதிரி தேய்க்கும். மட்கார்டு மாட்டிய பிறகு மழை நாட்களில் ஒவ்வொரு தடவையும் செயினைக் கழற்றிக் கழுவும் வேலை குறைந்தது, ஒரு செயின் உழைக்கும் காலமும் தெளிவாகவே கூடியது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கும்போது, மேலே பெரிய மழை இருக்காது, ரோடு மட்டும் ஈரமாகவே கிடக்கும். அந்த மாதிரி நாட்களில் ரெயின்கோட்டைவிட மட்கார்டுதான் உதவுகிறது.

இந்தப் பயன் முழுதாகக் கிடைக்க முன் மட்கார்டின் கீழ்முனை நன்றாக இறங்கியிருக்க வேண்டும். கடையில் வருவது பாதியிலேயே நின்றுவிடும். அதன் முனையில் ரப்பர் மட்ஃபிளாப் ஒன்று சேர்த்தால்தான் ஷூ நனையாது. மெல்லிய ரப்பர் ஷீட்டை வெட்டி இரண்டு போல்ட் போட்டால் போதும். ஆனால் கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். இட்டேரியில் கல் மேலோ வேர் மேலோ ஏறி இறங்கும்போது ஃபிளாப் தரையில் தட்டும். ரப்பர் வளைந்து கொடுக்கும், பிளாஸ்டிக் மட்கார்டையே இழுத்து முறுக்கிவிடும்.

இனி இடைவெளி. தார் ரோட்டுக்கு மட்டும் என்றால் டயருக்கு மேலே 6, 7 மி.மீ. இருந்தால்கூட ஓடும். மண்பாதைக்கு அது போதவே போதாது. 12 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 15 இருக்கட்டும். அகலத்திலும் டயரைவிட 10 மி.மீ.யாவது கூடுதலாக வேண்டும். சின்ன ஜல்லி டயரோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்க் கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் இடைவெளி குறைவு என்று அர்த்தம். ஃபோர்க்கில் அவ்வளவு இடம் இல்லையென்றால் டயரை 40-லிருந்து 35-க்கு இறக்குவதே சரி. கொஞ்சம் சொகுசு குறையும், பரவாயில்லை.

இது சும்மா சத்தத்துக்காகச் சொல்வதில்லை. தோப்புப் பாதையில் தென்னை ஈர்க்கு, காய்ந்த குச்சி, கருவேல முள்ளுக் கிளை எல்லாம் கிடக்கும். முன்சக்கரம் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு மட்கார்டுக்குள் இழுத்தால், தாங்கு கம்பி மடங்கி, மட்கார்டு சுருண்டு, சக்கரம் அப்படியே நின்றுவிடலாம். ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டித்தான் விழுவார். அதனால்தான் நல்ல செட்டுகளில் முன் கம்பிகள் ஃபோர்க்கோடு சேருமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். ஏதாவது சிக்கி இழுத்தால் கம்பி அதிலிருந்து கழன்று வந்துவிடும். ஜெர்மனியின் எஸ்கேஎஸ் செட்டுகளில் இந்தக் கிளிப் உண்டு. எனக்கு ஒருமுறை பாக்குத் தோப்பு ஓரம் இது கழன்றது. தடதடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குச்சியை உருவிவிட்டுக் கம்பியைத் திரும்ப அழுத்தி மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்தக் கிளிப் இல்லாத முன் மட்கார்டை மண்பாதைக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கரிசல் மண் தனிக் கதை. சூலூர், பல்லடம் பக்கம் மழைக்கு மறுநாள் காட்டுத் தடத்தில் இறங்கினால் எந்த இடைவெளியும் உதவாது. மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சுற்ற மறுக்கும். மட்கார்டு இல்லாத சைக்கிளிலும் அப்பும், ஆனால் குச்சியால் தோண்டி எடுத்துவிடலாம். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறேன், அல்லது தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பராமரிப்பில் முக்கியமானது போல்ட். கல்லுப் பாதையின் அதிர்வில் எம்5 (5 மி.மீ.) போல்ட்டுகள் தானாகவே தளரும். மரையைத் தளராமல் பிடிக்கும் பசையான ப்ளூ த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் நிற்கும். பையில் 4 மி.மீ. ஆலன் கீயும் ஒரு உபரி போல்ட்டும் எப்போதும் இருக்கும். என் பழைய பின் மட்கார்டு, ஃப்ரேம் குறுக்குக் கம்பியோடு சேரும் துளையில் விரிசல் விட்டது. அதிர்வு முழுக்க அந்த ஒரே இடத்தில் இறங்குவதுதான் காரணம். புதியதில் ஆரம்பத்திலேயே அகலமான வாஷரும், பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டும் வைத்தேன். விரிசல் இல்லை, கடகட சத்தமும் போய்விட்டது.

சங்கடம் இல்லாமல் இல்லை. எடை அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் மேலே கூடும். சின்ன சைஸ் ஃப்ரேமில் மெதுவாக வளைக்கும்போது ஷூ நுனி முன் மட்கார்டில் தட்டும். செங்குத்தான இட்டேரித் திருப்பத்தில் இது ஆபத்தானது, அதனால் மாட்டியவுடன் காலியிடத்தில் வளைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி (மவுண்டன் பைக்) வைத்திருப்பவர்களுக்கு முழு நீள மட்கார்டு லேசில் பொருந்தாது. ஃபோர்க்குக்கு அடியில் ஜிப் டை போட்டுக் கட்டும் சின்ன மட்கார்டு கிடைக்கிறது. முகத்துக்கும் ஃபோர்க் சீலுக்கும் அது நல்லது, காலுக்கு ஒன்றும் செய்யாது. சீட் போஸ்ட்டில் மாட்டும் வால் மாதிரியான பின் மட்கார்டு முதுகைக் காப்பாற்றும், பின்னால் வருபவரைக் காப்பாற்றாது.

கூட்டமாக ஓட்டுகிறவர்கள் அந்தக் கடைசி விஷயத்தை அவசியம் யோசிக்க வேண்டும். மழை ரோட்டில் தண்ணீரோடு சாணியும் எண்ணெயும் கலந்துதான் தெறிக்கிறது. பின்னால் வரும் நண்பரின் வாய்க்கும் கண்ணுக்கும் நேராக அதை அடித்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னால் மாட்ட இடமே இல்லாத சைக்கிளாக இருந்தாலும், ஐப்பசி பிறப்பதற்குள் பின்னால் மட்டுமாவது முழு மட்கார்டு ஒன்று, தாழ்வான ஃபிளாப்போடு மாட்டிவிடுங்கள்.