3டி பிரிண்ட் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: தராசில் வைக்காமல் பணம் கட்டாதீர்கள்

கோவையில் ஒரு 3டி பிரிண்டிங் சர்வீஸில் ஆறு பீஸ் அடிக்கக் கொடுத்தேன். பீஸுக்கு 81 கிராம் என்று பில் போட்டார்கள், கட்டினேன். கைக்கு வந்தது 54 கிராம். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயர் வேண்டாம். இதை யாரும், யாரிடமும் செய்யலாம் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பாக்கெட் போடும் மெஷினில் சென்சாரைத் தாங்கும் கை அது. அடிப்பாகத்தை நாலு எம்8 போல்ட்டால் ஃபிரேமில் முடுக்க வேண்டும். மெஷின் நாள் முழுக்க அதிரும், எனவே அந்த இடம் கட்டியாக இருந்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் நீளமான கைக்கு அவ்வளவு பலம் வேண்டாம், லேசாக இருந்தால் நல்லது. நுனியில் சென்சார் உட்காரும் குழிவு மட்டும் நைஸாக வர வேண்டும். முழுவதையும் ஒரே செட்டிங்கில் அடித்தால், ஒன்று வீணாகக் கனக்கும், இல்லையென்றால் போல்ட் இடத்தில் நசுங்கும்.

அதனால் புரூசாஸ்லைசரில் (3டி மாடலை லேயர் லேயராக வெட்டி மெஷினுக்கான கட்டளையாக மாற்றும் ‘ஸ்லைசர்’ சாஃப்ட்வேர்) பகுதிபகுதியாகப் பிரித்துத்தான் கொடுத்தேன். அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு மாடிஃபையர் (அந்தப் பகுதிக்கு மட்டும் தனி செட்டிங் தரும் எல்லை) போட்டு, அதற்குள் ஆறு சுவர் (ஓரத்தைச் சுற்றி ஓடும் கோடுகள்), 100 சதவீத இன்ஃபில் (உள்ளே நிரப்பும் அளவு). கைக்கு மூன்று சுவர், 15 சதவீத கைராய்டு இன்ஃபில் (அலை வடிவ நிரப்பு). லேயர் உயரத்தை மாடிஃபையரால் மாற்ற முடியாது, அது உயர வரம்பு வைத்துத்தான் மாறும். பீஸைப் படுக்க வைத்து அடிக்கும்போது குழிவு மேல் 10 மி.மீ.-ல் வருகிறது. அந்த உயரத்துக்கு மட்டும் 0.12 மி.மீ. லேயர், மற்றதற்கு 0.28. மெட்டீரியல் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக். எல்லாவற்றையும், செட்டிங்கும் சேர்ந்தே போகும் 3எம்எஃப் (3MF) பிராஜெக்ட் ஃபைலாகவே அனுப்பினேன். அவர்களும் அதைத் திறந்து பார்த்துத்தான் 81 கிராம் என்று கொட்டேஷன் கொடுத்தார்கள். பில்லில் ‘பகுதிவாரி செட்டிங்’ என்று தனியாக ஒரு வரி, அதற்கும் காசு.

பீஸ் வந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேலும் கீழும் நாலைந்து லேயர் கட்டியாகத்தானே ஓடும்? முதல் போல்ட்டை முடுக்கும்போதே சந்தேகம் வந்தது. ஸ்பேனர் இறுக்கம் கொடுக்காமல் சுற்றிக்கொண்டே போனது, வாஷர் பிளாஸ்டிக்குக்குள் இறங்கியது. கழற்றிப் பார்த்தால் வாஷரின் வட்டம் அப்படியே பதிந்து, ஓரத்தில் வெள்ளையாக வெடித்திருந்தது. அடிப்பாகத்தை ஹேக்ஸா பிளேடு வைத்து அறுத்தேன். உள்ளே கட்டம் கட்டமாகக் காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், கைக்குள்ளும் அதே கட்டம்தான். நான் கேட்ட கைராய்டு அலை அலையாக வளைந்து போகும், அதன் சுவடே இல்லை. ஆக, என் செட்டிங் ஒன்றுகூட மெஷினுக்குப் போகவில்லை. குழிவிலும் படி படியாக 0.28 லேயர்தான்.

போன் செய்தேன். “பெட்ஜி அப்படித்தாங்க சார், கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கும்” என்றார்கள். அறுத்த போட்டோவை அனுப்பிய பிறகு, “எங்ககிட்ட வர்ற ஃபைல் எல்லாம் எஸ்டிஎல்லா மாத்தித்தாங்க மெஷின்ல ஏத்துவோம்” என்று பேச்சு மாறியது.

விஷயமே அங்கேதான். எஸ்டிஎல் (STL) ஃபைல் என்பது பீஸின் வெளி வடிவத்தைச் சொல்லும் முக்கோணங்களின் பட்டியல், அவ்வளவே. எந்த இடத்தில் எத்தனை சுவர், எவ்வளவு இன்ஃபில் என்று எதுவும் அதில் இருக்காது, மி.மீ.-ஆ இஞ்சா என்பதுகூட இருக்காது. தையற்காரருக்கு அளவு மட்டும் போய், துணி போகாத மாதிரி. மாற்றியது அவர்கள் வசதி. ஆனால் மாற்றிய பிறகும் செட்டிங் கட்டணத்தையும் 81 கிராமையும் பில்லில் விட்டுவைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மெட்டீரியல் மிச்சம், மெஷின் ஓடும் நேரமும் மிச்சம்.

இதைப் பிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். என் அடிப்பாகம் 60×50×12 மி.மீ., அதாவது 36 கன செ.மீ. போல்ட் துளைகளைக் கழித்தால் சுமார் 33. பெட்ஜியின் அடர்த்தி கன செ.மீ.-க்கு ஏறத்தாழ 1.27 கிராம். அந்தத் துண்டு மட்டுமே 42 கிராம் வர வேண்டும். மொத்த பீஸே 54 என்றால் மீதிக் கை முழுவதும் 12 கிராமா? டெலிவரி எடுக்கும் இடத்திலேயே போட்டுவிடலாம் இந்தக் கணக்கை.

அடிக்கும் முன்பே ஸ்லைஸ் பிரிவ்யூ (லேயர் லேயராக எப்படி அடிக்கும் என்று ஸ்லைசர் காட்டும் படம்) கேளுங்கள். முழு பீஸின் படம் பிரயோஜனமில்லை. போல்ட் இடத்தின் நடு லேயரில் நிறுத்தி எடுத்த ஸ்கிரீன்ஷாட் வேண்டும். ஜிகோடு (மெஷினுக்குப் போகும் கட்டளை ஃபைல்) கொடுத்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் கவனம்: ஜிகோடு கடைசியில் எழுதியிருக்கும் இன்ஃபில் சதவீதம் பொதுச் செட்டிங்தான், மாடிஃபையர் கணக்கு அதில் வராது. அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், வியூவரில் லேயராக ஓட்டிப் பாருங்கள்.

எஸ்டிஎல் மட்டும்தான் வாங்குவோம் என்று அடம்பிடிக்கும் கடையென்றால், மாடலை வரையும் கேட் (CAD) சாஃப்ட்வேரிலேயே ஒரு வழி இருக்கிறது. துளையைச் சுற்றி 0.2 மி.மீ. அகலத்தில் மெல்லிய பிளவுகள் சிலவற்றை வரைந்துவிடுங்கள். ஸ்லைசர் ஒவ்வொரு பிளவையும் ஓரம் என்று நினைத்து இரண்டு பக்கமும் சுவர் எழுப்பும், அந்த இடம் தானாகக் கட்டியாகும். பிளவு இதைவிட ரொம்பச் சிறியதாகப் போனால் சில ஸ்லைசர்கள் அதை மூடிவிடும்.

‘அவ்வளவு நுணுக்கமெல்லாம் இந்த மெஷினில் வராதுங்க’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடிக்கும் மெஷின்களில் ஓரத்துக்கு ஒரு செட்டிங், உள்ளுடலுக்கு ஒன்று, கீழே தாங்கல் இல்லாத பரப்புக்கு வேறொன்று என்பது தினசரி வேலை. சாதாரண பிளாஸ்டிக் பிரிண்டருக்கும் ஸ்லைசரில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாக அவர்கள் சொன்னது: மறுபடி அடித்துத் தருகிறோம், கூரியர் செலவு உங்களுடையது. மறுத்துவிட்டு, பில், கொட்டேஷன், தராசு போட்டோ, அறுத்த துண்டின் போட்டோ நான்கையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தத் தொழிலுக்காகவே வாங்கியிருந்தால் 2019 சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். ஜிஎஸ்டி பில் இல்லாமல் மட்டும் வாங்கிவிடாதீர்கள். இதே மாதிரி எடைக் குறைவில் மாட்டியவர்கள் இருந்தால் பில் எடையையும் தராசு எடையையும் கீழே போடுங்கள், புகாரில் சேர்க்க உதவும்.